தடைக்காலத்தில் படித்தவை: இத்தனை வருடத்தில் எந்தப் புத்தகம் உங்களிடம் நின்றது?

பாம்பன் வாடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் ஐஸ் பார் கணக்கு, லாரிக் கணக்கு, கூலிக் கணக்கு என்று மூச்சுவிட நேரம் இருக்காது. நான் ஆற அமரப் புத்தகம் எடுப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். 2001-ல் தடைக்காலம் வந்தபோது 45 நாள். 2017-லிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகு வீடுகளுக்கு அது கையில் காசு இல்லாத காலம். எங்களுக்கும் பாதிச் சம்பளம்தான். ஆனாலும் என் வாசிப்பில் பெரும்பகுதி அந்த நாட்களில் நடந்ததுதான்.

இந்த வருடம் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. படித்த புத்தகத்தின் பெயரும் பக்கத்தில் ஒரு வரி அபிப்பிராயமும் எழுதி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் இப்போது ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதைத்தான் இங்கே பேச ஆசை.

முதலில் பொன்னியின் செல்வன். பள்ளிக்கூட நாளில் படித்தது. எங்கள் கிளை நூலகத்தில் ஐந்து பாகத்தில் இரண்டாம் பாகம் மட்டும் இருக்காது. சுழற்காற்று. கடல் வரும் பாகம் அதுதான். எடுத்தவர்கள் யாரோ திருப்பித் தரவே இல்லை. புது வெள்ளம் முடித்த கையோடு கொலை வாளுக்குப் போய்விட்டேன். அருள்மொழிவர்மன் ஏன் காய்ச்சலோடு கோடிக்கரையில் கிடக்கிறான், பூங்குழலி ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று ஒன்றும் புரியவில்லை. இரண்டு வருடம் கழித்து, தங்கச்சிமடத்தில் இருக்கும் சித்தி வீட்டில் இரண்டாம் பாகம் கிடைத்தது. அட்டை இல்லை. ராத்திரி முழுக்கப் படித்தேன். பூங்குழலி தானே படகு தள்ளி வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோகிறாள்! எங்கள் ஊரில் பொம்பளைகள் படகில் ஏற மாட்டார்கள். பாசி எடுக்கத் தீவுக்குப் போகிறவர்கள் உண்டு, அது வேறு. துடுப்பைக் கையில் பிடித்த ஒரு பெண்ணை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோட்டில் 'பூங்குழலி, பூங்குழலி, பூங்குழலி' என்று மூன்று தடவை எழுதியிருக்கிறேன். இதை மட்டும் இன்றைக்கும் மாற்ற மாட்டேன். அரண்மனைச் சதி வரும் பக்கங்களை இப்போது படித்தால் வேகமாகப் புரட்டத்தான் தோன்றுகிறது.

அடுத்தது செம்மீன். தகழி மலையாளத்தில் எழுதி 1956-ல் வந்தது, தமிழில் சுந்தர ராமசாமி. 19 வயதில் படித்து அழுதேன். 'இதைவிட நல்ல புத்தகம் இல்லை' என்று நோட்டில் இருக்கிறது. கல்யாணமாகி, வீட்டுக்காரர் படகில் போக ஆரம்பித்த பிறகு மறுபடி எடுத்தேன். ஆத்திரமாக வந்தது. கரையில் இருக்கிற பெண்டாட்டி ஒழுங்காக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் திரும்பி வருவான் என்கிற நம்பிக்கை அந்தக் கதை முழுக்க இருக்கிறது. கடைசியில் கறுத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கிற அதே ராத்திரியில் பழனி சுழியில் போய்விடுகிறான். கதையும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லிவிட்டதே! எங்கள் அம்மா சொல்லும்: "போனவன் வரலைன்னா காத்தைக் கேளு, எஞ்சினைக் கேளு. வீட்டுல இருக்கவளைக் கேக்காதே." ஒரு தடவை எங்கள் தெருவில் படகு இரண்டு நாள் தாமதமானபோது, அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சிலர் பேசியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அவள் முகம் எனக்கு மறக்காது. அதன் பிறகு செம்மீனைத் தொடவில்லை.

வண்ணநிலவனின் கடல்புரத்தில் அப்படி இல்லை. 1977-ல் வந்த சின்னப் புத்தகம். லாஞ்சு என்கிற விசைப்படகுக்கும் வல்லம் என்கிற நாட்டுப்படகுக்கும் பகை, வீட்டை விற்றுவிட்டு வா என்று அப்பனைக் கூப்பிடும் மகன், பிலோமி. தூத்துக்குடிப் பக்கத்துக் கதைதான். ஆனால் இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று கடலைப் பங்கு போட்டுத்தானே தொழில் நடக்கிறது? எங்கள் கதைதான் அது. சாமிதாசுக்கு வேறு இடத்தில் கல்யாணமான பிறகும் பிலோமி யாரையும் சபிக்கவில்லை. கடலும் யாரையும் தண்டிக்கவில்லை.

கடலைப் பற்றிய புத்தகம் என்றால் எனக்கு ஒரே அளவுகோல்தான்: அதைக் கொண்டுபோய் எங்கள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறவரிடம் வாசித்தால் அவர் தலையாட்டுவாரா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


முகவைத் தமிழாசிரியர்

அம்மா, செம்மீனுக்கு நீங்கள் கொடுத்த தண்டனை கொஞ்சம் அதிகம். அந்த நம்பிக்கை கதை மாந்தர்களுடையது. அதற்குள் மாட்டிக்கொண்டு ஒரு பெண் எப்படி நசுங்குகிறாள் என்பதைத்தான் தகழி எழுதினார் என்று நான் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். ஊர் வாய்க்கு பயந்து கறுத்தம்மா படும் பாட்டை அவர் எவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறார், பாருங்கள். உங்கள் தெருவில் நீங்கள் கேட்ட பேச்சும் அந்த நாவலும் எதிரெதிர்த் தரப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சொன்ன முடிவைப் பற்றி மட்டும் என்னிடமும் சரியான பதில் இல்லை.

உங்கள் அளவுகோல் எனக்குப் பிடித்தது. அதைக் கடலோடு நிறுத்த வேண்டாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கடலைவிடப் பெரிய கதை குடிதண்ணீர். கந்தர்வன் நம் சிக்கல் ஊர்க்காரர். அவருடைய 'தண்ணீர்' சிறுகதை ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் வந்தது. கிணறெல்லாம் உப்பான ஊர். ரயில் வந்து நிற்கும்போது பெட்டிக்குள் ஏறிக் குழாயில் குடத்தைப் பிடிக்கிறார்கள். இந்திரா என்ற பெண் ஏறினவள் இறங்குவதற்குள் ரயில் புறப்பட்டுவிடுகிறது. ஊரே தேடுகிறது. கடைசியில் தண்டவாளத்தோடு நடந்து வருகிறாள், இடுப்பில் நிறைகுடத்தோடு.

இதை நான் கடலாடிப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் நடத்தினேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவியிடம், "கதை எப்படிம்மா இருந்தது?" என்றேன். "அவ குடத்துக்கு மூடி இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "அம்புட்டுத் தூரம் நடந்தா பாதி அலம்பிப் போயிருமே. நாங்க குடத்துக்குள்ள வேப்பங்கொத்தைப் போட்டுருவோம், அலம்பாது" என்றாள். முப்பது வருடம் இலக்கியம் நடத்தியிருக்கிறேன். ஒரு கதைக்குள் இப்படி நுழைந்து பார்த்த வாசகரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரை இலக்கியத்துக்கு வந்தது இன்று நேற்று இல்லை. அகநானூற்றில் 70-வது பாட்டைப் பாருங்கள். பாண்டியரின் பழைய கோடி, அதாவது நம் தனுஷ்கோடி. அங்கே ஆலமரத்தில் கத்திக்கொண்டிருந்த பறவைகளை இராமன் ஓசை அடங்கச் செய்தான் என்றும், அந்த மரம் போல ஊர்ப்பேச்சு இப்போது அடங்கிவிட்டது என்றும் தோழி சொல்கிறாள். ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பேசிய பேச்சு அது. நீங்கள் உங்கள் தெருவைப் பற்றி எழுதியதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்த பாட்டு இதுதான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்ததால் அங்கே பேச்சு அடங்கியது.


உச்சிப்புளி மல்லிகை

ஆசிரியர் ஐயா சொன்ன தண்ணீர் கதையை நானும் போன வருடம் தேடினேன். மகள் பாடத்தில் படித்துவிட்டுச் சொன்னாள். நூலகத்தில் போய் 'தண்ணீர்' வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தது அசோகமித்திரனின் தண்ணீர். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, இது நாவல், வேறு ஆள். சரி, எடுத்ததைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா என்று ஒரு பெண், அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. 1973-ல் வந்த புத்தகமாம். அடிபம்பில் இரவெல்லாம் அடிப்பதும், குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வருவதும் அப்படியே இருக்கிறது. நான் பட்டணத்தில் தண்ணீர்க் கஷ்டம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. எங்கள் ஊரில் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கிக்கொண்டு போகும்போது, பட்டணத்துக்காரிக்கு என்ன, குழாயைத் திருகினால் போதும் என்றுதான் பேசிக்கொள்வோம். ஜமுனாவைப் படித்த பிறகு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன். எதுவுமே பெரிதாக நடக்காத கதைதான். ஆனால் அந்த டீச்சரம்மா தன் வீட்டு நிலைமையைச் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மேலே படிக்க முடியாமல்.

வாடை அக்கா, நீங்கள் லக்ஷ்மி, ரமணிசந்திரன் பெயரையெல்லாம் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் படிப்பு என்றாலே தொடர்கதைதான். வாரா வாரம் பத்திரிகையில் வரும் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து வைப்போம். கதை முடிந்ததும் என் மாமனார் அதைத் தைத்துக் கொடுப்பார். கோணி ஊசி, நைலான் வலைநூல். வலைக்குப் போடும் அதே முடிச்சு. அட்டைக்குப் பழைய காலண்டர். அந்தப் புத்தகங்கள் இன்னும் ஒரு தாள் கழன்றதில்லை. தெருவில் ஏழு வீடு சுற்றி வந்தவை. சிலதில் மஞ்சள் கறை, சிலதில் மீன் செதில் ஒட்டியிருக்கும். லக்ஷ்மி ஒரு டாக்டர், தென்னாப்பிரிக்காவில் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. 'ஒரு காவிரியைப் போல' புத்தகத்துக்கு 1984-ல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்திருக்கிறது. அவர் கதையில் வரும் பெண்கள் படித்து வேலைக்குப் போவார்கள். என் பெரிய நாத்தனார் டீச்சர் டிரெயினிங் போக அடம் பிடித்தது அந்தத் தைத்த புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான். அதை யாரும் லேசாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது.


பாம்பன் வாடை

மல்லிகை, நான் லேசாகப் பேசவில்லை. சொல்ல விட்டுப்போனது, அவ்வளவுதான். அந்த வலைநூல் பைண்டிங்கை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, புயலில் ஓடு பறந்த வருடம் நனைந்து போய்விட்டது.

ஆசிரியர் ஐயா, வேப்பங்கொத்து விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நாங்கள் தென்னங்கீற்றை மடித்துப் போடுவோம். செம்மீன் பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஊர்ப்பேச்சால் நசுங்குகிற பெண் என்று பார்த்தால் கதை மாறித்தான் போகிறது. ஆனால் அந்தக் கடைசிப் பக்கம் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.


கீழை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரைக்காரன், இப்போது துபாயில். வாடை ராத்தாவின் அளவுகோல் எனக்கும் உண்டு, ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் வீட்டில் பேசுகிற சொல் புத்தகத்தில் வருமா என்பதுதான் என் ஏக்கம். அப்பா, அம்மா, அக்காவுக்கு நாங்கள் சொல்கிற வாப்பா, உம்மா, ராத்தா என்கிற சொற்களைக் கதைப்புத்தகத்தில் நான் கண்டதே இல்லை. கல்லூரியில் ஒரு நண்பன் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைக் கொடுத்தான். 1988-ல் வந்தது. ஊர் என்னவோ தேங்காய்ப்பட்டணம், குமரி மாவட்டப் பேச்சு, எங்கள் பேச்சுக்கும் அதற்கும் தூரம் உண்டு. இருந்தாலும் அச்சில் 'வாப்பா' என்று பார்த்த நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது. விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் பெருமையையும், சுறாப்பீலி (சுறாமீன் துடுப்பு) வியாபாரம் செய்யும் மஹ்மூது அவருக்கு வளையாமல் நிற்பதையும் படித்தபோது எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் முகம்தான் வந்தது. நம் ஆட்களைப் பற்றி இப்படிக் குறை எழுதலாமா என்று என் மாமா கோபப்பட்டார். நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: உள்ளே இருக்கிறவன்தான் எழுத வேண்டும். சாகித்திய அகாதெமி வாங்கிய சாய்வு நாற்காலியை இரண்டு தடவை ஆரம்பித்தேன். முதல் புத்தகத்தில் கிடைத்தது எனக்கு அதில் கிடைக்கவில்லை.

அதற்கும் முன்னால், எங்கள் ஊருக்குச் சீறாப்புராணம் இருக்கிறது. உமறுப்புலவருக்கு ஆதரவு கொடுத்து எழுதச் சொன்னவர் எங்கள் வள்ளல் சீதக்காதி. அவர் காலமான பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் துணை நின்றார். 5027 பாட்டு. முழுக்க நான் படித்ததில்லை. ஆனால் மானுக்குப் பிணை நின்ற படலத்தை உம்மாவின் தாயார் ராகம் போட்டுச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேடனிடம் பிடிபட்ட மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்கும். நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்பார்கள். மான் திரும்பி வரும் இடத்தில் பாட்டியின் குரல் இறங்கிவிடும். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். புத்தகத்தில் அவர் விரல் வைத்து வைத்து அந்தப் பக்கம் மட்டும் பழுத்திருக்கும்.

அப்துல் கலாமின் அக்னிச் சிறகுகளை யாரும் சொல்லவில்லையே? நம் ஊர்ப் புத்தகம் என்று எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ராமேஸ்வரம் வரும் பக்கங்களைப் பத்துத் தடவைக்கு மேல் படித்திருக்கிறேன். யுத்த காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்து, பொறுக்கி விற்றால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைத்தது. ரயில் நிற்காமல் போகும்போது வீசி எறியும் பத்திரிகைக் கட்டைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. அப்பா கட்டிய படகைப் புயல் கொண்டுபோவது, அதோடு சேதுக்கரை மண்ணும் கொஞ்சம் போவது. படகு கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையன் எழுதினது என்று அந்தப் பக்கங்களிலேயே தெரியும். ராக்கெட் வந்த பிறகு கூட்டம், திட்டம், பதவி என்று போகிறது. அங்கே என்னால் ஒட்ட முடியவில்லை. நாட்டுக்கு அது முக்கியம், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் புளியங்கொட்டை போதும்.


வத்தைக்காரன்

எல்லோரும் பெரியவர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பி.காம். முடித்துவிட்டு நாட்டுப்படகில் நண்டுவலைக்குப் போகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறவன் வீட்டுக்கு வந்தும் கடலைப் படிக்க வேண்டுமா? எனக்கு வேண்டாம். கடல் வராத கதையாக இருந்தால் நல்லது என்று தேடுகிறவன் நான். செல்போனில் இறக்கி வைத்துக்கொள்வேன், நடுக்கடலில் சிக்னல் இருக்காது. வலையைப் போட்டுவிட்டு விடிகிறவரை காத்திருக்கும்போது படிப்பேன்.

சுஜாதாவின் கொலையுதிர் காலத்தை அப்படித்தான் படித்தேன். அமாவாசை இருட்டு, கச்சான் காற்று அடித்து ஓய்ந்த ராத்திரி, படகில் நானும் மாமாவும் மட்டும். மாமா தூங்கிவிட்டார். கணேஷும் வசந்தும் அந்தத் தோட்டத்து வீட்டில் நடப்பதைப் பார்க்கும் பக்கம் வந்தபோது படகுக்கு அடியில் என்னவோ இடித்தது. ஆமை. போனை அணைத்துவிட்டு மாமாவை எழுப்பி விட்டேன். ஒரு புத்தகம் இந்த அளவுக்குச் செய்தால் அது நல்ல புத்தகம்தானே?

சாண்டில்யனின் கடல் புறாவில் மட்டும் கடல் இருந்தும் படித்தேன். மூன்று பாகம். வர்ணனை வரும்போது தாண்டிவிடுவேன், அது நீளம். ஆனால் கருணாகரத் தொண்டைமான் கப்பலைச் சீர்படுத்தும் பகுதியை ஒரு வரி விடாமல் படித்தேன். அகூதாவும் பிடிக்கும். நிஜமா பொய்யா என்று கேட்காதீர்கள். படகுக்குப் பலகை மாற்றும்போது நான் பார்த்திருக்கிறேன். மனிதன் தன் படகை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் அதில் பார்க்கிறான்.

ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். 2004-ல் வந்தது. ஆமந்துறைப் பேச்சு முதலில் பிடிபடவில்லை, எங்கள் நாட்டுப்படகு வத்தை, அவர்களுக்குக் கட்டுமரம். ஐம்பது பக்கத்தில் விட்டுவிட்டேன். பிறகு எங்கள் ஊர்ப் படகு ஒன்று கவிழ்ந்து, ஆட்கள் ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்தார்கள். அந்த வாரம் மறுபடி எடுத்தேன். மூன்று பேர் கடலில் தத்தளிப்பது நாவல் நெடுக வந்துகொண்டே இருக்கும். யார் பிழைக்க வேண்டும் என்று வயசானவர்கள் முடிவு எடுக்கிறார்கள். முடித்தேன். இன்னொரு தடவை படிக்க மாட்டேன். தூக்கம் போய்விட்டது.

வாடை அக்கா, வலை பொத்துகிறவரிடம் வாசித்தால் தலையாட்டுவாரா என்று கேட்டீர்களே, வாசித்துப் பார்த்தீர்களா? உங்கள் அப்பா பழைய தூண்டில்காரர் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் சின்னப் புத்தகம்தான். அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.


முகவைத் தமிழாசிரியர்

தம்பி வத்தைக்காரன், ஆமை இடித்த கதையைப் படித்துவிட்டு நீண்ட நேரம் உங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆழி சூழ் உலகைப் பற்றி இங்கே யாரும் எழுதாததை நீங்கள்தான் எழுதினீர்கள். அம்மா, அந்த வாசிப்பு நடந்தால் கட்டாயம் எழுதுங்கள்.


பாம்பன் வாடை

வாசித்தேன். ஐந்து நாள், தினம் சாயந்தரம். அப்பாவுக்கு 78 வயது, கண்ணில் புரை. திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டார்.

84 நாளாக ஒரு மீன் கூடக் கிடைக்காத கிழவன் என்று ஆரம்பித்ததுமே, "அம்புட்டு நாளா? அப்ப தூண்டில்ல குறை இல்ல, ஆளு நேரம் சரியில்ல" என்றார். அவனிடம் தொழில் பழகிய பையனை, பெற்றவர்கள் வேறு படகுக்கு மாற்றிவிடுவதைக் கேட்டுத் தலையாட்டினார். "பெத்தவன் அதைத்தான் செய்வான். சோறு வேணும்ல."

மீன் மாட்டுகிற இடத்துக்கு வந்தோம். என்ன மீன் என்று கேட்டார். நான் விவரத்தைப் படித்தேன்: நீளமான அலகு, வாள் மாதிரி. "தளப்பத்து" என்று உடனே சொல்லிவிட்டார். கயிற்றை ஏன் படகில் கட்டாமல் முதுகில் போட்டு இழுக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை, அடுத்த பத்தியைப் பார்ப்பதற்குள் அப்பா சொன்னார்: "கட்டக் கூடாது. அது வெட்டி இழுத்தா கயிறு அந்துரும். ஆளு நடுவுல நிக்கணும், விட்டுப் பிடிக்கணும்." புத்தகத்திலும் அதேதான் இருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்ததும் கிழவன் கையைக் கடல் தண்ணீரில் முக்குகிறான். அப்பா இடது கையை என் முன்னால் நீட்டினார். ஆள்காட்டி விரலின் அடியில் குறுக்காக ஒரு வெள்ளைத் தழும்பு, பணியாரக் கம்பி சுட்ட மாதிரி. சின்ன வயதிலிருந்து நான் பார்க்கிற கை. இது எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பருத்திக் கயிறு காலத்தில் வந்தது என்றார். தங்கூசி என்கிற நைலான் நரம்பு வந்த பிறகு இதைவிட ஆழமாக அறுக்குமாம்.

மூன்றாம் நாள், "பையனைக் கூட்டிட்டுப் போயிருக்கணும், ஒத்தையில போனது தப்பு" என்றார். பக்கத்தைத் திருப்புகிறேன், கிழவனும் பையன் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அது அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா "ம்" என்பார்.

சுறா வந்த அன்றைக்கு அப்பா கேட்கவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். மறுநாள் முடித்தோம். மீன் எலும்பாகக் கரைக்கு வருகிறது. நான் அழுதேன். அப்பா அழவில்லை. அவர் கேட்டது இதுதான்: "மீன் போச்சு, சரி. ஈட்டி போச்சு. கத்தியும் ஒடிஞ்சு போச்சு. நாளைக்கு எதை வச்சுத் தொழிலுக்குப் போவான்?"

இரண்டு பக்கம் தள்ளிப் பையன் வருகிறான். இனி உன்னோடுதான் வருவேன் என்கிறான். பழைய ஃபோர்டு காரின் ஸ்பிரிங் பட்டாவில் ஈட்டிக்கு அலகு செய்துகொள்ளலாம் என்று கிழவன் சொல்கிறான். வேறு கத்தி வாங்கி வருகிறேன், பட்டாவையும் தீட்டி வாங்கி வருகிறேன் என்று பையன் சொல்கிறான். இதைப் படித்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை வாசி." வாசித்தேன். உள்ளே போய், பரணுக்குக் கீழே சொருகியிருந்த தன் கத்தியை எடுத்து வந்தார். ராமநாதபுரத்துக் கொல்லர் ஒருவர் லாரிப் பட்டாவில் அடித்துக் கொடுத்தது, நான் பிறந்த வருடம். மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். "எழுதினவன் எந்த ஊருக்காரன்?" என்றார். அமெரிக்காக்காரர், கதை நடக்கிறது கியூபாவில் என்றேன். "படகுல போயிருக்கான்" என்றார்.

தம்பி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். செம்மீனையும் வாசித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம்தான் முதலில் வாசித்திருக்க வேண்டும்.


வத்தைக்காரன்

அக்கா, நன்றி. அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், அந்தக் கொல்லர் பட்டறை இப்போதும் இருக்கிறதா?


பாம்பன் வாடை

கேட்டேன். பட்டறை இல்லையாம். கத்தியை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார், அதே அளவில் வேறு இடத்தில் அடித்துக்கொள்ளலாமாம். வரும்போது கடல் புறா முதல் பாகத்தைக் கொண்டு வா, கப்பல் சீர்படுத்தும் பகுதி எந்தப் பாகம் என்று பார்த்து அதையும் எடுத்துக்கொள். மழைக்காலத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.

இன்றைக்கு ஜூன் 14. ஐஸ் மிஷினை முந்தாநாளே ஓட விட்டாயிற்று, முதல் பார் இறங்கிவிட்டது. ராத்திரி படகுகள் போகும். இனிப் பதில் போடத் தாமதமாகும்.